ஃபயர்வாலை அணைக்காமல் வீட்டிலிருந்தே டேலி

திருப்பூர் பனியன் கம்பெனிகள் பலவற்றில் டேலி என்னும் கணக்கு மென்பொருள் இருப்பது அக்கவுண்ட்ஸ் அறையின் ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான். 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்னும் மாத விற்பனைக் கணக்கைப் போட்டாக வேண்டும். கணக்குப் பார்ப்பவரோ அவிநாசியில் வீட்டில் இருப்பார். உடனே ரவுட்டரில் 3389ஆம் போர்ட்டை (இணையத்திலிருந்து உள்ளே வரும் எண்ணிட்ட வாசல்) திறந்து, தூரத்திலிருந்தே கணினித் திரையை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக இணையத்தில் விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் போர்ட்டைத் தேடியே ராத்திரி பகலாகத் தானியங்கி நிரல்கள் அலைகின்றன. எண்ணை 3390 என்று மாற்றினாலும் கண்டுபிடித்துவிடும். வின்டோஸ் 11இன் 22எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்ட கணினியில், 10 முறை பாஸ்வேர்டு தப்பினால் கணக்கு 10 நிமிடம் பூட்டிக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் போர்ட் வெளியே தெரிந்தால், தப்பாக அடிப்பது அந்த நிரல்கள்; வெளியே நிற்பது நம் கணக்கர். 2019 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அடைத்த ‘புளூகீப்’ ஓட்டைக்கோ பாஸ்வேர்டே தேவைப்படவில்லை; வின்டோஸ் 7 அதில் மாட்டியது.

3389ஐ மூடிவிட்டு ரவுட்டரில் வயர்கார்டு என்னும் விபிஎன் (வீட்டு லேப்டாப்பை ஆபீஸோடு இணைக்கும் பூட்டிய தனிப்பாதை) போடுவதுதான் சரி. வழக்கமாக யுடிபி வகைப் போர்ட் 51820 ஒன்று திறந்தால் போதும். சரியான சாவி இல்லாமல் வரும் எதற்கும் அது பதிலே சொல்லாது, அதனால் தேடுபவனுக்கு அங்கே ஒன்றும் இருப்பதாகத் தெரியாது. முதலில் ரவுட்டரின் ‘WAN’ முகவரியை, அதாவது இணையப் பக்கத்து ஐபி எண்ணை, பாருங்கள். அது 100.64 முதல் 100.127க்குள் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே முகவரியைப் பலருக்கும் பகிர்கிறது; வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது. இணைய நிறுவனத்திடம் ஸ்டாட்டிக் ஐபி (மாறாத தனி முகவரி) கேளுங்கள். உள் முகவரிகள் ஆபீஸிலும் வீட்டிலும் 192.168.1 என்றே தொடங்கினால் லேப்டாப் டேலி கணினியை வீட்டுக்குள்ளேயே தேடும். ஆபீஸை 192.168.57 என்று மாற்றிவிடலாம். விபிஎன்னுக்கு 10.8.0 வரிசையைக் கொடுத்திருந்தால், லேப்டாப்பின் வயர்கார்டு அமைப்பில் ‘அலவ்டு ஐபிஸ்’ (விபிஎன் வழியே போக வேண்டிய முகவரிகள்) வரியில் 10.8.0.0/24, 192.168.57.0/24 இரண்டும் போதும், 0.0.0.0/0 கொடுத்தால் வீட்டில் பார்க்கும் வீடியோவும் ஆபீஸ் லைன் வழியாகவே போகும்.

விபிஎன் இணைந்துவிடும், ஆனால் டேலி கணினிக்குப் பிங் (இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது) போகாது, அதன் ஷேர் ஃபோல்டர் திறக்காது. அந்தக் கணினியின் வின்டோஸ் ஃபயர்வாலை (வெளித் தொடர்பை வடிகட்டும் காவல்) அணைத்ததும் எல்லாம் வேலை செய்யும். அப்படியே விட்டுவிடுவார்கள். பெரும்பாலான ஆபீஸ்களில் பாதுகாப்பு போவது இந்த இடத்தில்தான். ஃபயர்வாலின் ஃபைல் ஷேரிங் விதிகள் இயல்பாகவே ‘லோக்கல் சப்நெட்’டுக்கு, அதாவது அதே ஆபீஸ் வரிசை முகவரிகளுக்கு, மட்டும் பதில் சொல்லும், விபிஎன்னின் 10.8.0 அதற்கு அந்நியம். ஃபயர்வாலின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் இன்பவுண்ட் ரூல்ஸ், அந்த விதி, ஸ்கோப், ரிமோட் ஐபி என்று போய் 10.8.0.0/24ஐச் சேர்த்தால் தீர்ந்தது. ரிமோட் டெஸ்க்டாப் விதி நேர்மாறு: அது எல்லா முகவரிக்கும் திறந்தே இருக்கும். அதை ஆபீஸ், விபிஎன் ஆகிய இரண்டு முகவரி வரிசைகளோடு சுருக்குங்கள்.

டேலி ஃபைல்களை ஷேர் வழியாகத் திறக்க வேண்டாம். ஃபைலைப் படிப்பதும் எழுதுவதும் ஒவ்வொரு முறையும் லைனில் போய்வருவதால் வேகம் குறையும். நடுவில் அறுந்தால் டேட்டா கெடலாம். விபிஎன்னுக்குள் ரிமோட் டெஸ்க்டாப் போட்டால் திரை மட்டும்தான் பயணிக்கும். அதற்கு டேலி கணினியில் வின்டோஸ் ப்ரோ வேண்டும், ஹோமில் முடியாது. ஸ்லீப்பை அணைத்து, கரண்ட் வந்ததும் தானே எழும்படி பயாஸிலும் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் மின்தடை முடிந்தபின் பவர் பட்டனை அழுத்த யாராவது ஆபீஸுக்குப் போக வேண்டிவரும்.