கபுபாத்தென்: சொல்லுக்குள் ஒரு பூபதி

இந்தோனேசியாவைப் பற்றித் தமிழில் வரும் செய்திகளில் 'ரீஜென்சி' என்ற சொல் அடிக்கடி தட்டுப்படும். 'குனுங்கிடுல் ரீஜென்சியில் குடிநீர்த் தட்டுப்பாடு' என்பது போல. படிப்பவருக்கு ஏதோ நட்சத்திர ஓட்டலோ புறநகர் அடுக்குமாடிக் குடியிருப்போ நினைவுக்கு வந்தால் அது அவர் குற்றமில்லை.

அந்த ஊர்க்காரர்கள் சொல்வது கபுபாத்தென். இதில் 'பு'வை 'பூமி'யில் வரும் பூவைப் போல அழுத்தி ஒலிக்க வேண்டும்; அடுத்த 'பா' 'பாட்டு' என்பதில் வரும் பா. பூமி என்று சும்மா உதாரணம் காட்டவில்லை. சொல்லுக்கு உள்ளேயே அதுதான் இருக்கிறது.

பிரித்தால் க + பூபதி + அன். க-வும் அன்-னும் ஜாவா மொழியில் பெயர்ச்சொல்லை முன்னும் பின்னும் கவ்விக்கொள்ளும் ஒட்டுகள். இன்னாருக்கு உரிய இடம் என்ற பொருளைத் தருபவை. இகரத்தில் முடியும் சொல்லோடு 'அன்' சேர்ந்தால் இரண்டும் குழைந்து 'என்' ஆகிவிடும். நாமாக இருந்தால் நடுவில் யகர உடம்படுமெய்யைப் போட்டுப் 'பூபதியன்' என்றிருப்போம். உகரத்தில் முடிந்தால் 'ஒன்' ஆகும். ஆள்பவரைக் குறிக்கும் 'ராத்து'விலிருந்து அரண்மனையைக் குறிக்கும் 'க்ராத்தோன்' பிறந்தது அப்படித்தான். ஜாவாத் தீவிலுள்ள யோக்யகர்த்தாவுக்குச் சுற்றுலா போனவர்கள் அந்த க்ராத்தோனைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள்.

நடுவில் நிற்கும் பூபதி, நம் ஊரில் ஆட்களுக்கு வைக்கும் அதே பூபதிதான். பூ என்றால் இங்கே மலரல்ல, நிலம், பதி தலைவன். வடமொழியிலிருந்து நமக்கு வந்தது போலவே அங்கும் போயிருக்கிறது, அதுவும் வெகு காலத்துக்கு முன்பே. சுமத்ராவில் பாலெம்பாங் அருகே கிடைத்த தெலாகா பாத்து கல்வெட்டு 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, ஸ்ரீவிஜய அரசுடையது. கல்லின் உச்சியில் ஏழு தலை நாகம், அடியில் நீர் வழிய ஒரு தாரை. மேலே ஊற்றும் நீர் எழுத்துகளின் மீது ஓடி இறங்கும். அதைக் குடித்து விசுவாசப் பிரமாணம் எடுத்திருப்பார்கள் என்பது ஆய்வாளர் கருத்து. துரோகம் செய்தால் சாபம் பலிக்கும் என்று அதில் பட்டியலிடப்பட்டவர்களில் யுவராஜன், சேனாபதி ஆகியோரோடு பூபதியும் இருக்கிறான். அப்போதே அவன் அரசனுக்குக் கீழ்ப்பட்ட பதவிக்காரன் என்பதைக் கவனிக்கலாம்.

கபுபாத்தென் முதலில் அந்தப் பூபதி குடியிருந்த வளாகத்தைக் குறித்தது. அதன் முன்னே நாற்புறமும் திறந்த கொட்டகை ஒன்று நிற்கும், பெயர் 'பெண்டோப்போ'. இது நம் மண்டபம். வீட்டின் பெயர் பின்னர் அவர் ஆண்ட பகுதிக்கே ஆகிவந்தது. டச்சுக்காரர்கள் ஜாவாவைப் பிடித்தபோது பூபதிகளை நீக்காமல் தங்களுக்குக் கீழே வைத்துக்கொண்டார்கள். 'ரீஜென்ட்' என்று தங்கள் மொழியில் ஒரு பெயரும் வைத்தார்கள். அதை ஆங்கிலம் எடுத்து ரீஜென்சி ஆக்கிற்று. ஆங்கில அகராதியைப் பார்த்தால் சிறுவயது மன்னனுக்குப் பதிலாக ஒருவர் ஆள்வது என்று இருக்கும். அதை நம்பி 'பதிலாட்சிப் பகுதி' என்று மொழிபெயர்த்தால் தொலைந்தோம்.

தமிழில் மாவட்டம் என்பதே போதும். நாடு முழுக்க 416 கபுபாத்தென்களும் அவற்றுக்கு நிகரான 98 'கோத்தா'க்களும் மாகாணத்துக்கு அடுத்த படியில் இருக்கின்றன. கோத்தா நம் கோட்டையோடு உறவுள்ள சொல். நகரமாக உள்ள மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். 'பூபதியம்' என்று புதிதாக ஒன்றைப் படைக்க எனக்கும் ஆசைதான், ஆனால் யாருக்குப் புரியும்?

சிக்கல் தலைவரின் பெயரில் வருகிறது. இன்றைய 'பூபாத்தி' மாவட்ட ஆட்சியர் அல்லர். 2005 முதல் மக்கள் நேரடியாக வாக்களித்து ஐந்தாண்டுக்குத் தேர்ந்தெடுக்கும் அரசியல்வாதி அவர். கட்சிகள் வேட்பாளரை நிறுத்தும், சுவரெங்கும் சிரித்த முகப் பதாகை தொங்கும். ஆட்சியர் என்று எழுதினால் நம் வாசகர் தேர்வெழுதி வந்த அதிகாரியை நினைப்பார். மாவட்டத் தலைவர் என்பதே சரி.

இன்னொரு குழியும் இருக்கிறது. கபுபாத்தெனுக்குக் கீழே வரும் 'கெச்சாமாத்தான்' ஆங்கிலத்தில் 'டிஸ்ட்ரிக்ட்' ஆகிவிடுகிறது, பப்புவாவிலோ அதன் அதிகாரப்பூர்வப் பெயரே 'டிஸ்ட்ரிக்'. உடனே நம்மவர் அதை மாவட்டம் என்று எழுத, மாவட்டத்துக்குள் மாவட்டம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது வட்டம். அதன் தலைவரான 'சாமாத்'தான் நம் வட்டாட்சியரைப் போன்ற நியமன அதிகாரி. அதற்கும் கீழே 'டேசா', அதாவது நம் 'தேசம்'. அங்கே அது கிராமம்! நாட்டைக் குறிக்கும் சொல்லோ 'நெகாரா', நம் 'நகரம்'. நாம் தேசத்துக்குள் நகரம் வைத்தோம், அவர்கள் நெகாராவுக்குள் டேசா வைத்தார்கள்.

குனுங்கிடுலையே எடுத்துக்கொள்வோம். குனுங் மலை, கிடுல் தெற்கு. யோக்யகர்த்தா மாகாணப் பரப்பில் ஏறத்தாழப் பாதி இந்த ஒரு மாவட்டம், தலைமையிடம் வோனோசாரி. தென்பகுதி முழுக்க குனுங் சேவு, 'ஆயிரம் மலை', என்னும் சுண்ணாம்புக் குன்றுகள். பெய்கிற மழை பாறை இடுக்குகளில் இறங்கி அடியில் ஆறாக ஓடிவிடுகிறது. பிரிபின் குகையில் தரைக்குச் சுமார் 100 மீட்டர் கீழே அணை கட்டித்தான் நீரை மேலேற்ற வேண்டியிருந்தது. மேலே குழிகளில் தேங்கும் குளங்களுக்குத் 'தெலாகா' என்று பெயர், நம் தடாகம். கோடையில் அவை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கிச் சமாளிப்பார்கள். நெல் கட்டுப்படியாகாத மண்ணில் மரவள்ளியைக் காயவைத்து இடித்து அவித்த 'தீவுல்' வெகுகாலம் சோற்றுக்குப் பதிலாக இருந்தது.

யோக்யகர்த்தா தனித்தகுதி பெற்ற மாகாணம் என்பதால் இங்கே பழைய ஜாவாப் பெயர்கள் திரும்பி வந்திருக்கின்றன. வட்டம் இப்போது 'கபானேவோன்'. 'ஏவு' என்றால் ஆயிரம். ஆயிரத்துக்குத் தலைவர் பானேவு. க-வும் அன்-னும் கவ்வ, உகரம் குழைந்து கபானேவோன். டேசா 'கலுராஹான்' ஆகியிருக்கிறது. பிற மாகாணங்களின் 'கெலுராஹான்' வேறு, அது நியமன அலுவலரின் கீழுள்ள நகர்ப்புறப் பகுதி. ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம், மொழிபெயர்ப்பாளர் கண்ணை விரித்துப் பார்க்க வேண்டிய இடம்.

ஆக, பழைய எரிமலையின் அடியில் இருக்கும் ஒரு சிற்றூரின் முகவரியைத் தமிழில் இப்படி எழுதலாம்: ங்லாங்கெரான் ஊராட்சி, பாத்துக் வட்டம், குனுங்கிடுல் மாவட்டம், யோக்யகர்த்தா மாகாணம். ங என்னும் எழுத்துக்குச் சொல்லின் முதலில் வேலை கிடைப்பது நமக்கு அபூர்வம்.