பொய்ப்பூச்சித் தூண்டில்: ஃப்ளை ஃபிஷிங்குக்கு ஒரு தமிழ்ச் சொல்

ஃப்ளை ஃபிஷிங் என்ற தூண்டில் முறையை ‘ஈ மீன்பிடிப்பு’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘பறக்கும் மீன்பிடிப்பு’ என்றுகூட இயந்திர மொழிபெயர்ப்பு துணிந்துவிடுகிறது. இரண்டாவதைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். முதலாவது அகராதிக்கு ஒத்துவருகிறது, தொல்லையே அதுதான். மூலத்தாளில் ஒட்டிக்கிடந்த செத்த ஈயைப் பார்த்து, தன் படியிலும் ஓர் ஈயை அடித்து ஒட்டிய எழுத்தரின் கதை நமக்குத் தெரியும். ஈயடிச்சான் காப்பி என்ற வழக்கு அங்கிருந்து வந்தது என்பார்கள். ஃப்ளை என்ற இடத்தில் ஈ என்று போடுவது ஏறக்குறைய அந்த வேலைதான்.

இந்தத் தூண்டிலின் முனையில் ஈ இல்லை. உயிருள்ள பூச்சி எதுவுமே இல்லை. சிறிய முள்ளின்மேல் நூலும் இறகும் மயிரும் சுற்றிக் கட்டிய ஒரு போலி இருக்கிறது. கட்டுபவர் முள்ளை ஒரு குட்டி வைஸில் கவ்வவைத்து, அதன் தண்டு முழுக்க மெல்லிய நூலைச் சுற்றுகிறார். வால் இருக்கவேண்டிய இடத்தில் மூன்று நான்கு இறகிழைகளை வைத்துக் கட்டுகிறார். உடலுக்கு முயல் மயிரையோ மயிலிறகின் இழையையோ முறுக்கிச் சுற்றுகிறார். பிறகு முள்ளின் காதுக்கு அருகே சேவலின் கழுத்திறகு ஒன்றைக் குறுக்காகச் சுற்றும்போது அதன் இழைகள் நாலாபுறமும் சிலிர்த்து நிற்கின்றன. பூச்சியின் கால்களாகத் தோற்றம் காட்டுபவை அவைதான். முள் மூழ்காமல் நீரின் மேல்பரப்பில் தாங்கிப் பிடிப்பவையும் அவைதான். கடைசி முடிச்சு விழுந்த பிறகு அளந்தால் ஒரு சென்டிமீட்டர் தேறினால் அதிகம். அந்தப் போலிக்குத்தான் ஃப்ளை என்று பெயர்.

ஆங்கிலத்தில் அந்தப் பெயர் பொருந்துவதற்குக் காரணம் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ஃப்ளை என்பது சிறகுள்ள பூச்சி எதையும் குறிக்கும். பட்டாம்பூச்சிக்கும் தும்பிக்கும் அந்த மொழியில் இன்றும் வழங்கும் பெயர்களின் கடைசியில் அந்த ஃப்ளை ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ் ஈயும் ஒரு காலத்தில் அவ்வளவு குறுகியதாக இருந்திருக்காது. இல்லையென்றால் தேனீக்கு அந்தப் பெயர் வாய்த்திருக்காது. ஆனால் தனித்து நிற்கும் ஈ இன்று பண்டத்தில் மொய்க்கும் ஈதான். ‘ஈ ஓட்டுகிறான்’ என்றால் வியாபாரம் படுத்துவிட்டது என்று பொருள். அந்தச் சொல்லை ஓடையில் மிதக்கும் நுட்பமான கைவேலையின்மேல் ஏற்றினால் படிப்பவர் மனத்தில் தவறான பூச்சிதான் பறக்கும்.

போலி என்பது இந்தக் கலையின் உயிர். கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் ஈலியன், மாசிடோனியாவின் அஸ்ட்ரேயஸ் ஆற்றில் இருந்ததாகக் கேள்விப்பட்ட ஒரு வழக்கத்தை எழுதி வைத்திருக்கிறார். அங்கே புள்ளி மேனி கொண்ட மீன்கள், ஹிப்பூரோஸ் என்ற பூச்சியை நீரின்மேல் பாய்ந்து தின்றன. அந்தப் பூச்சியையே இரையாக்கலாம் என்றால், மனிதக் கை பட்டதும் அதன் நிறம் கெட்டுச் சிறகு வாடிவிடும். பிறகு மீன் அதைச் சீண்டாது. எனவே மீனவர்கள் முள்ளில் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்கு அடியில் வளரும் மெழுகு நிற இறகுகள் இரண்டைச் சேர்த்துக் கட்டினார்கள். உண்மையைக் கோக்க முடியாததால் பொய்யைக் கட்டினார்கள் என்பதுதான் செய்தி. இந்தப் பொய்யை விட்டுவிட்டு ‘ஈ’யை மட்டும் மொழிபெயர்ப்பது, தலையை விட்டுவிட்டுத் தொப்பியை எடுத்து வருவது.

இனி அடுத்த பாதி. மீன்பிடிப்பு என்ற சொல் வலைக்கும் கூடைக்கும் கைப்பிடிக்கும் பொது. இங்கே வேண்டியது தூண்டில். ‘தூண்டு’ என்ற வினையிலிருந்து வந்த பெயர் அது. ஆங்கிலத்தில் தூண்டில்காரரைக் குறிக்கும் ஆங்லர் என்ற சொல், கொக்கி என்று பொருள்படும் பழைய சொல்லிலிருந்து வந்தது. அங்கே கருவியின் வடிவம் பெயரானது. இங்கே அது செய்யும் வேலை பெயரானது. சூதைக் கண்டிக்கும் 931-ஆம் குறள், சூதில் கிடைக்கும் வெற்றியை ‘தூண்டிற்பொன் மீன்விழுங்கி அற்று’ என்கிறது. பொன் என்பதற்கு இங்கே இரும்பு என்று உரைகாரர்கள் பொருள் கொண்டார்கள். இரையல்லாத ஒன்றை இரையென்று மீனை நம்பவைப்பது நம் மொழிக்குப் புதிய எண்ணம் அல்ல என்பதற்கு அந்த ஓர் அடி போதும்.

ஆக, ‘பொய்ப்பூச்சித் தூண்டில்’ என்று சொல்லலாம். ‘செயற்கைப் பூச்சி’ என்றும் வைக்கலாமே என்று கேட்பார்கள். செயற்கை என்றாலே ஆலையும் பிளாஸ்டிக்கும் நினைவுக்கு வருகின்றன. இறகும் நூலும் வருவதில்லை. பொய் என்ற முன்னொட்டு தமிழில் வேறு மாதிரி வேலை செய்கிறது. பொய்க்கால் குதிரையைப் பார்த்து யாரும் ஏமாந்துபோனதாகப் புகார் சொல்வதில்லை; அதில் இருக்கும் கைத்திறனை ரசிக்கிறோம். பொய்ப்பூச்சியிலும் அதே தொனி வேண்டும். ‘பூச்சித் தூண்டில்’ என்று சுருக்கினால் வெட்டுக்கிளியைக் கோத்துப் போடும் தூண்டிலோடு குழம்பிவிடும். ஆகவே பொய்யை விடக்கூடாது.

சொல் இதுவரை சொல்லாத ஒன்றும் இருக்கிறது: எறியும் முறை. வழக்கமான தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. பொய்ப்பூச்சிக்குக் கனமே இல்லை. அதனால் கனத்தை நரம்பிலேயே வைத்துவிட்டார்கள். பூச்சுப் பூசிய தடித்த நரம்பு, கோலின் வீச்சில் முதலில் பின்பக்கம் முழுதாக விரிந்து, பிறகு முன்பக்கம் சாட்டைபோல உருண்டு நீளும். அதன் நுனியில் கட்டிய மெல்லிய, கண்ணுக்குத் தெரியாத நரம்பு பூச்சியைச் சத்தமில்லாமல் நீரில் இறக்கும். பின்பக்க வீச்சு முழுதாக விரியும்வரை பொறுக்காமல் முன்னால் எறிவதுதான் புதியவர்கள் அனைவரும் செய்யும் பிழை.

பொய்ப்பூச்சி எதைப் பார்த்துக் கட்டப்படுகிறது என்பதைச் சொல்லாமல் இந்தச் சொல்லின் விளக்கம் முடியாது. முதன்மையானது, ஆங்கிலத்தில் மேஃப்ளை எனப்படும் பூச்சி. அறிவியலில் அதன் வரிசைக்கு எஃபெமெரோப்டெரா என்று பெயர். ‘ஒரு நாள்’ என்ற பொருள் கொண்ட கிரேக்கச் சொல் அதில் இருக்கிறது. ஒருநாட்பூச்சி என்று தமிழில் சொல்லலாம். குறைந்த ஆயுள் என்றதும் ஈசல் என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதக்கூடாது. ஈசல் மண்ணுக்குள்ளிருந்து கிளம்பும் கறையான். ஒருநாட்பூச்சி தன் வாழ்வின் பெரும்பகுதியை ஓடையின் கற்களுக்கடியில் இளம்பூச்சியாகக் கழித்துவிட்டு, வயிற்றோரச் செவுள்களால் மூச்சுவிட்டு வளர்ந்து, கடைசியில் மேலே வருகிறது. சிறகு முளைத்த பிறகும் ஒருமுறை தோலுரிக்கும் பூச்சி உலகில் இது ஒன்றுதான். முதல் சிறகு மங்கலாக இருக்கும், இரண்டாவது கண்ணாடியாகப் பளபளக்கும். இரண்டு நிலைகளுக்கும் தூண்டில்காரர்கள் தனித்தனிப் பெயர் வைத்து, தனித்தனிப் பொய்ப்பூச்சியும் கட்டுகிறார்கள். வாய் வேலை செய்யாத அந்தக் கடைசி நிலையில் அது எதையும் உண்பதில்லை. இணைந்து முட்டையிட்டதும் மடிகிறது.

நீருக்கடியில் இருக்கும் நிலையையும் விட்டுவைக்கவில்லை. இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைக் காத்துவந்த ஆற்றுக் காவலர் ஃபிராங்க் சாயர், ஃபெசன்ட் பறவையின் வாலிறகு இழைகளையும் சன்னமான செப்புக் கம்பியையும் மட்டுமே கொண்டு ஓர் இளம்பூச்சி கட்டினார். நூலுக்குப் பதில் கம்பி என்பதால் அது மூழ்கும். உலகம் முழுக்க இன்றும் அதைக் கட்டுகிறார்கள். அதை உருவாக்கியவர் ஆற்றைப் பராமரிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவர் என்பது தற்செயல் இல்லை. கற்களைப் புரட்டிப் பார்க்காதவருக்குப் பொய்ப்பூச்சி கட்ட வராது. கற்களைப் புரட்டிப் பார்ப்பவருக்கு ஓடை கெடுவது முதலில் தெரிந்துவிடும்.

இந்த இடத்தில்தான் ‘வாலன்டியர்’ உள்ளே வருகிறார். விருப்பம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தன்னார்வலர் என்ற தமிழ்ச் சொல் நிலைத்துவிட்டது, நன்றாகவும் இருக்கிறது. தொண்டர் இதைவிட அழகான சொல், கட்சிகள் எடுத்துக்கொண்டுவிட்டன.

பிரிட்டனில் பல ஆறுகளில் தூண்டில்காரத் தன்னார்வலர்கள் மாதந்தோறும் செய்யும் ஒரு சோதனை உண்டு. ஆழமில்லாத, நீர் சலசலத்து ஓடும் இடத்தில் இறங்கி, ஓட்டத்தின் கீழ்ப்பக்கம் வலையைப் பிடித்துக்கொண்டு, மேலே உள்ள கூழாங்கற்களை மூன்று நிமிடம் காலால் கிளறுகிறார்கள். வலையில் விழுந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ணுகிறார்கள். தட்டில் மூன்று வாலிழைகளோடு நெளிந்தால் பெரும்பாலும் ஒருநாட்பூச்சியின் குஞ்சு. இரண்டு இழை என்றால் கல்பூச்சி எனத்தக்க ஸ்டோன்ஃப்ளை. மணலையும் சருகுத் துணுக்குகளையும் பசையால் ஒட்டிக் குழல்வீடு கட்டி அதைச் சுமந்து திரிவது கேடிஸ் என்ற பூச்சியின் குஞ்சு. இப்படி எட்டு வகைகளை எண்ணி மதிப்பெண் போடுகிறார்கள். அந்த இடத்துக்கென்று வைத்த அளவுக்குக் கீழே மதிப்பெண் போனால் அரசின் சுற்றுச்சூழல் அமைப்புக்குத் தகவல் போகும். சாக்கடையோ பூச்சிமருந்தோ கலந்து ஓடிவிட்ட மறுநாள் நீரை எடுத்துச் சோதித்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். செத்த பூச்சிகள் அவ்வளவு சீக்கிரம் திரும்பி வருவதில்லை.

பூச்சியைத் தின்னும் மீனுக்கு வருவோம். ட்ரவுட் என்ற பெயர் லத்தீன் வழியே வந்தது. அதன் கிரேக்க வேர் ‘கொறிப்பது’ என்று பொருள்படும். தமிழில் ட்ரவுட் என்றே எழுதுவது நல்லது. ‘நன்னீர் மீன்’ என்று போட்டால் கெண்டையும் விராலும் கோபித்துக்கொள்ளும். ட்ரவுட் ஒரே மீனும் அல்ல. ஐரோப்பாவின் பழுப்பு ட்ரவுட் ஓர் இனம், பசிபிக் கரையின் வானவில் ட்ரவுட் வேறு. கிழக்கு அமெரிக்காவின் புரூக் ட்ரவுட் பெயரில் மட்டுமே ட்ரவுட். உறவுமுறைப்படி அது ‘சார்’ (char) என்ற மீன் கூட்டத்தைச் சேர்ந்தது. எல்லாவற்றுக்கும் பொதுவான தேவை குளிர்ந்த, உயிர்வளி நிறைந்த, ஓடும் நீர்.

இவற்றின் இனப்பெருக்கத்தில் ரெட் என்று ஒரு சொல் அடிக்கடி வரும். நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் அடித்துக் கூழாங்கல் படுகையில் தோண்டும் குழி அது. முட்டையிட்டதும் மேற்புறத்துக் கற்களைத் தள்ளி மூடிவிடும். முட்டைக்குழி என்றால் எவருக்கும் விளங்கும். கற்களின் இடுக்கில் நீர் ஊடுருவி ஓடினால்தான் முட்டைக்கு மூச்சு. கரை சரிந்து வண்டல் படிந்தால் இடுக்கு அடைபடும், முட்டை மூச்சுத்திணறும். தன்னார்வலர்கள் கரையில் மரம் நடுவதும், மாடுகள் இறங்கி மிதிக்காதபடி வேலி போடுவதும் இந்த வண்டலை நிறுத்தத்தான். மரம் தரும் நிழல் நீரைக் குளிர்ச்சியாக வைக்கிறது. முட்டைக் காலத்தில் குழியை மிதிக்காமல் நடப்பது தூண்டில்காரர்களின் முதல் ஒழுங்கு.

‘கன்சர்வேஷன்’ என்பதை ‘மீன் வளத்தைப் பெருக்குதல்’ என்று மொழிபெயர்த்துவிட்டால் நேர் எதிரான பொருள் வந்துவிடும். 1959-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் ஓ சாபிள் ஆற்றங்கரையில் கூடி ட்ரவுட் அன்லிமிடெட் அமைப்பைத் தொடங்கிய தூண்டில்காரர்களின் மனக்குறையே, பண்ணையில் வளர்த்த மீனை அரசு ஆற்றில் கொட்டிக்கொண்டிருந்ததுதான். ஆற்றைக் கவனியுங்கள், மீன் தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்பது அவர்கள் வாதம். பிறகு மொன்டானாவின் மேடிசன் ஆற்றில், பண்ணை மீன் விடுவதை நிறுத்தியதும் ஆற்றிலேயே பிறந்த ட்ரவுட்கள் பெருகியதை உயிரியலாளர்கள் கண்டார்கள். 1974-இல் அந்த மாநிலம் ஆறுகளில் பண்ணை ட்ரவுட் விடுவதைக் கைவிட்டது. பேணுதல் என்ற பழைய சொல் இதற்குப் பொருத்தம்.

ஒரு குழப்பத்தைத் தமிழ் எளிதாகத் தீர்க்கிறது. ஆற்றிலேயே பிறந்த மீன் வேறு, அந்த மண்ணுக்கே உரிய மீன் வேறு. பழுப்பு ட்ரவுட்டின் முட்டைகள் 1883-இல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தன. இன்று அங்கே பல ஆறுகளில் அது தானாகவே பெருகுகிறது, ஆனாலும் வந்தேறிதான். நாட்டுக்கோழி, நாட்டுமாடு என்று சொல்லிப் பழகிய நமக்கு ‘நாட்டு ட்ரவுட்’ என்றால் வேறுபாடு உடனே பிடிபடும். ஆற்றில் பிறந்ததை ‘தானாய்ப் பிறந்த ட்ரவுட்’ என்று பிரித்துச் சொல்லலாம். டாஸ்மேனியாவுக்கு 1864-இல் முட்டைகளைக் கப்பலேற்றியவர்கள் இந்த வேறுபாட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை. அங்கும் நியூசிலாந்திலும் உள்ளூர்ச் சிறுமீன்களை ட்ரவுட் தின்று ஒடுக்கியது. அந்த ஊர்களில் ட்ரவுட் ஓடையைப் பேணுவது என்றாலே யாருக்காக என்ற கேள்வி எழும், எழவும் வேண்டும்.

‘கேட்ச் அண்ட் ரிலீஸ்’ என்பதற்கு ‘பிடித்து விடுதல்’ என்றால் போதும், ‘விடுவிப்பு’ என்றெல்லாம் சிறைச்சாலைத் தமிழ் வேண்டாம். நல்ல மீனை ஒரே ஒருமுறை மட்டும் பிடிப்பது வீண் என்ற பொருளில் அமெரிக்கத் தூண்டில்காரர் லீ வுல்ஃப் 1939-இலேயே எழுதிவிட்டார். முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுவது, மீனின் மேனி வழவழப்பு உரியாமலிருக்கக் கையை நனைத்துக்கொள்வது, நீரைவிட்டு வெளியே எடுக்காமலே முள்ளைக் கழற்றுவது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது விடுதல். இல்லையென்றால் சாவைத் தள்ளிப்போடுதல்.

நீர் சூடானால் இந்த மூன்றும்கூடப் பயன்படாது. மொன்டானாவில் தொடர்ந்து மூன்று நாள் ஆற்றுநீர் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பிற்பகல் 2 மணியிலிருந்து நள்ளிரவுவரை தூண்டில் போடுவதற்குத் தடை விதிப்பார்கள். அதற்கு ஹூட் அவுல் என்று பெயர். காட்டுத்தீக்கு அஞ்சி, கோடையில் மரம்வெட்டிகள் விடியும் முன்பே வேலையைத் தொடங்கினார்கள். அந்நேரத்தில் ஆந்தை அலறும் சத்தம் கேட்கும். அவர்களிடமிருந்து சொல் ஆற்றுக்கு வந்தது. தமிழில் ‘ஆந்தை நேரக் கட்டுப்பாடு’ எனலாம். மாநிலம் அறிவிக்கும்வரை காத்திராமல், நீர் 68 டிகிரியைத் தொட்டதுமே கோலை மடித்துவிடும் தூண்டில்காரர்கள் நிறையப் பேர். அவர்களின் பையில் பொய்ப்பூச்சிப் பெட்டியோடு ஒரு வெப்பமானியும் இருக்கும்.