மனுச வாடை

பாட்டி சொன்ன கதைகளில் ராட்சசன் குகைக்குத் திரும்பியதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “மனுச வாடை அடிக்குதே!” என்பான். “மனுச நறுமணம் வருதே” என்று எந்த ராட்சசனும் சொன்னதில்லை. ஆனால் மான் வேட்டையைப் பற்றி ஆங்கிலத்தில் வருவதைத் தமிழாக்கும்போது மட்டும் ‘சென்ட்’ (scent, அதாவது காற்றில் விலங்கின் மூக்குக்குப் போய்ச் சேரும் ஆளின் உடல்மணம்) என்ற சொல்லைக் கண்டதும் நமக்கு வாய் குழறிவிடுகிறது. ஒருவர் வாசனை என்கிறார், ஒருவர் மோப்பம் என்கிறார், இன்னொருவர் துணிந்து நறுமணம் என்றே போட்டுவிடுகிறார். மூன்று நாள் குளிக்காமல் மரத்தில் பரண் கட்டி உட்கார்ந்திருப்பவனிடம் என்ன நறுமணம்?

ராட்சசன் சொன்னதுதான் சரியான சொல்: வாடை.

வாடை முதலில் ஒரு காற்றின் பெயர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து கோடை, தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை. வட, வடக்கு, வடந்தை, வாடை எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. பத்துப்பாட்டில் 188 அடியில் நிற்கும் நெடுநல்வாடையின் தலைப்பிலேயே இருப்பது அந்தக் குளிர்ந்த வடகாற்றுதான். அதே பாட்டுக்குள் ‘வடந்தைத் தண்வளி’ என்றும் வருகிறது. உடம்பை வாட்டுவதால் வாடை என்று பொருள் சொல்வாரும் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வடந்தை கண்முன் இருக்கையில் அவ்வளவு சுற்றிப் போக வேண்டியதில்லை.

காற்றின் பெயர் எப்படி மூக்குக்கு வந்தது? நான் இதை ஆகுபெயராகவே படிக்கிறேன்: சுமந்து வருவதன் பெயர் சுமக்கப்பட்டதற்கு ஆகிவிட்டது. அதற்குத் துணையாக நம் வினைச்சொற்களைப் பாருங்கள். காற்று அடிக்கிறது, வாடையும் அடிக்கிறது. காற்று வீசுகிறது, மல்லிகை மணமும் வீசுகிறது. மீன் மார்க்கெட் பக்கம் போனால் ‘வீச்சம்’ தாங்க முடியவில்லை என்கிறோம். அதுவும் வீசு என்பதிலிருந்து வந்ததுதான். தமிழனுக்கு மணம் ஒரு பொருளில் ஒட்டிக்கொண்டு சும்மா இருப்பதில்லை, நகர்ந்து வருகிறது. வேட்டைக்காரனுக்குத் தேவையானது சரியாக இந்தப் பொருள்தான்.

மற்ற சொற்கள் ஏன் ஒட்டாது என்றால், வாசனை வடமொழி, அதோடு பூவுக்கும் சாம்பாருக்கும் போய்விட்டது. நாற்றம் ஒரு காலத்தில் நல்ல சொல். ‘முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்’ என்று குறள் மொட்டுக்குள் இருக்கும் மணத்தைச் சொல்கிறது. இன்று அதைச் சொன்னால் மூக்கைப் பொத்துவார்கள். மோப்பம் முகர்கிற செயல். மோந்து பார்ப்பதில் இருக்கும் அதே மோ. ‘மோப்பக் குழையும் அனிச்சம்’ என்றால் முகர்ந்ததும் வாடும் பூ. ஆக, மனிதனிடமிருந்து கிளம்புவது வாடை, மான் செய்வது மோப்பம். இரண்டையும் குழப்பினால் வாக்கியமே தலைகீழாகிவிடும்.

இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது திருநெல்வேலி மலைக்காட்டில் முண்டந்துறைப் பக்கம், விலங்குக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலனாகப் போன ஒரு விடியலில். சரிவின் மேலே நாங்கள், கீழே ஓடைக்கரையில் ஒரு மிளா. (வெளியூர்ப் புத்தகங்கள் கடமான் என்னும், நம் பக்கம் மிளாதான்.) மேலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும் என்று நான் இரண்டு பாறை முன்னால் போய் உட்கார்ந்தேன். சத்தம் போடவில்லை, அசையவில்லை. மிளா தலையைத் தூக்கியது, முன்னங்காலை ஓங்கித் தரையில் ஒரு அடி, ‘டாங்’ என்று ஒரு கத்தல், புதருக்குள் மறைந்தது.

கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர், அடிவார ஊர்க்காரர், கோபப்படவில்லை. சட்டைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து ஒரு சிட்டிகை விரலால் நசுக்கி விட்டார். காற்றே இல்லை என்று நான் நினைத்த இடத்தில் அந்தத் தூள் மெல்லச் சாய்ந்து, சரிவோடு ஒட்டிக் கீழே போனது.

“பாத்தியளா அண்ணாச்சி, இது காத்து கீழ எறங்குத நேரம்லா. ஒங்க வாடை நேரா ஓடைக்குள்ள போயிட்டு. வெயில் ஏறட்டும், பொறவு மேல இருந்து பாக்கலாம்.”

அமெரிக்காவில் உரிமம் வாங்கிக்கொண்டு வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் இதற்கென்றே பொடி அடைத்த குப்பியும், மணமில்லாத சோப்பும் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம். காற்றுப் பார்க்கும் அந்த அறிவு இப்போது கணக்கெடுப்பவருக்கும் காவலருக்கும் படம் பிடிப்பவருக்கும்தான்.

காவலர் சொன்னதன் கணக்கு எளிது. இரவில் மலைச்சரிவு சீக்கிரம் குளிரும். அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து, தண்ணீர் போலப் பள்ளத்தை நோக்கி வழியும். வெயில் பட்டதும் சரிவு சூடாகி, காற்று இலேசாகி மேலே ஏறும். அதனால் விடியலில் விலங்குக்குக் கீழே இருக்க வேண்டும், வெயில் ஏறியபின் மேலே. இறக்கம் ஏற்றமாக மாறுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் வம்பு. தூள் ஒருமுறை இப்படிப் போகும், மறுமுறை அப்படிப் போகும். ஓடைகள் காற்றை வாய்க்கால் போல இழுத்துச் செல்லும். குளிர்காற்று தேங்கும் குழிகளில் வாடையும் தேங்கும். முகட்டுக்கு மறுபுறம் ஒளிந்துகொண்டால் தப்பிக்கலாம் என்று நினைக்கக் கூடாது. பலமான காற்று முகட்டைத் தாண்டியதும் சுழன்று திரும்பும், நம் வாடையையும் எதிர்பாராத பக்கம் கொண்டுபோய்க் கொட்டும். நடுப்பகல் உலர்வெயிலில் வாடை மேலெழுந்து கலைந்துவிடும். ஈரமும் குளிர்ச்சியும் உள்ள காற்றில் தாழ்வாகப் படிந்து நெடுநேரம் நிற்கும்.

சமவெளியில் இவ்வளவு சூட்சுமம் இல்லை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று பாய்ந்து வரும்போது கங்கைகொண்டான் சரணாலயத்துப் புள்ளிமானுக்குக் கிழக்கே நின்றால் போதும். வல்லநாட்டு வெளிமான் வேறு சாதி. அது மூக்கைவிடக் கண்ணை நம்புவது. அங்கே காற்றுப் பார்த்து நின்றும் சட்டை நிறத்தில் மாட்டிக்கொள்ளலாம். புள்ளிமானும் மந்தியும் சேர்ந்தே மேய்வதில் ஒரு கூட்டு உண்டு: மரத்து மேலே கண், தரையில் மூக்கு.

மேல்காற்று என்றேனே, அதில் ஒரு எச்சரிக்கை. ‘அப்விண்ட்’ (காற்று வருகிற பக்கம்) என்பதற்கு மேல்காற்று, ‘டவுன்விண்ட்’ (காற்று போகிற பக்கம்) என்பதற்குக் கீழ்காற்று என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் திருநெல்வேலியில் வேலைக்காகாது. இங்கே மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. ‘மேல்காற்றில் நில்’ என்று எழுதினால் ஆள் தென்காசிப் பக்கம் திரும்பி நிற்பான். நமக்குப் பழைய சொற்களே இருக்கின்றன. காற்று போகிற போக்கு காத்துவாக்கு. போகிற வாக்கில் என்பதில் உள்ள அதே வாக்கு. காத்துவாக்கில் ஒரு செய்தி காதில் விழுவது போலவே நம் வாடையும் காத்துவாக்கில் மானுக்குப் போய்ச் சேரும். அதற்கு மறுதலை எதிர்காற்று. மேல்காற்றுக் காலத்தில் மேற்கே பார்த்து சைக்கிள் மிதித்தவனிடம் கேட்டால் ‘எதுக்காத்து’ என்பான். ஆக, மான் வேட்டைக்காரனுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் அறிவுரை தமிழில் இப்படி வரும்: மானை எதிர்காற்றில் அணுகு, காத்துவாக்கில் நின்றால் உன் வாடை உனக்கு முன்னால் போய்விடும்.