பாதாம் மரம் ஏன் மாசியில் சிவக்கிறது?

வடசென்னையில் சிவந்த இலைகளைக் காண வேண்டுமானால், தையின் பிற்பகுதியிலிருந்து மாசி வரை ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்த் தெருக்களில் கொஞ்சம் அண்ணாந்து பார்த்து நடந்தால் போதும். வாசல்களிலும் மதிலோரங்களிலும் அடுக்கடுக்காகக் கிளை பரப்பி நிற்கும் பாதாம் மரம், உள்ளங்கையைவிடப் பெரிய தன் இலைகளைச் சிவப்பாக்கிக்கொண்டிருக்கும். கடையில் விற்கும் பாதாம் பருப்பின் மரம் வேறு. இது நாட்டு வாதுமை. உப்புக்காற்றுக்கு அஞ்சாத கடற்கரை மரம், காய் கடலில் மிதந்தே புதுக்கரை சேரும். விழுந்த காயைக் கல்லால் உடைத்துப் பருப்பைத் தின்னாத பிள்ளை இந்தப் பக்கம் அபூர்வம். குளிர்நாடுகளில் இலையுதிர்காலத்தில் சிவக்கும் மேப்பிள் காடுகளின் படங்களைப் பார்த்து ஏங்குகிறவர்களுக்கு நான் இந்த மரத்தைத்தான் காட்டுவேன். இரண்டின் இலைகளுக்குள்ளும் நடப்பது அடிப்படையில் ஒரே வேதியியல்.

காலம்தான் வேறு. லண்டனில் கோடைப் பகல் சுமார் 16½ மணி நேரம். குளிர்காலப் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. பகல் குறுகுவதையும் குளிர் ஏறுவதையும் உணர்ந்து அங்குள்ள மரங்கள் இலையை விடுகின்றன. சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அதோடு, அங்கே இலை உதிரும் அக்டோபரில் இங்கே வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும்போது மரம் எதற்கு இலையை இழக்க வேண்டும்? மழை ஓய்ந்து மண் காயத் தொடங்கியபின், இலை வழியே ஆவியாகும் நீருக்கு வேரால் ஈடுகொடுக்க முடிவதில்லை. அப்போதுதான் முதிர்ந்த இலைகளின் முறை வருகிறது. பாதாம் மரம் சில இடங்களில் ஆண்டுக்கு இருமுறைகூட இலை உதிர்க்கும். ஒரே தெருவில் நிற்கும் இரண்டு மரங்கள் ஒரே வாரத்தில் சிவக்க வேண்டும் என்பதும் இல்லை.

உதிர்ப்பதற்கு முன் மரம் இலையிலிருந்து எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்துக்கொள்கிறது. இலையில் உள்ள நைட்ரஜனின் பெரும்பகுதி, பச்சையம் இருக்கும் நுண்ணுறுப்புகளான பசுங்கணிகங்களின் புரதங்களில் இருக்கிறது. கரியமில வாயுவைப் பிடிக்கும் ருபிஸ்கோ என்ற நொதி அதில் முக்கியமானது. இந்தப் புரதங்கள் அமினோ அமிலங்களாக உடைந்து கிளைக்குத் திரும்புகின்றன. ஆனால் பச்சையம் புரதங்களோடு பிணைந்திருக்கிறது. புரதம் போய்ப் பச்சையம் தனித்து நின்றால், அது ஈர்க்கும் ஒளியாற்றல் செல்லையே சிதைக்கும். ஆகவே பச்சையத்தையும் உடைத்தாக வேண்டும்.

அதன் நடுவிலிருக்கும் மக்னீசியத்தைப் பிடுங்குவது தொடக்க வேலைகளில் ஒன்று. மரபியலின் முன்னோடி மெண்டல் 1866இல் வெளியிட்ட ஆய்வில் பச்சைப் பட்டாணி, மஞ்சள் பட்டாணி என்று பிரித்தாரே, அந்த வேறுபாட்டுக்குக் காரணமான மரபணுவை 2007இல் அடையாளம் கண்டார்கள். மக்னீசியத்தைப் பிடுங்கும் நொதிக்கான மரபணுதான் அது! அது பழுதான பட்டாணி காய்ந்தாலும் பச்சையாகவே இருக்கிறது. இன்னொரு வியப்பு: பச்சையத்திலேயே இருக்கும் நான்கு நைட்ரஜன் அணுக்களை மரம் மீட்பதில்லை. நிறமற்ற கழிவாக மாற்றி, இலையிலேயே விட்டுவிடுகிறது.

பச்சை விலகியதும் மஞ்சள் தெரிகிறது. அது கரோட்டினாய்டு நிறமிகளின் நிறம். இலை துளிர்த்த நாளிலிருந்தே உள்ளே இருந்தது. சிவப்பு அப்படி அல்ல. ஆந்தோசயனின் என்ற அந்த நிறமியை, உதிரப்போகும் இலை சர்க்கரையைச் செலவழித்துப் புதிதாகச் செய்கிறது. ஏன்? சத்தை மீட்கும் வேலை முடியும்வரை கடும் வெயிலிலிருந்து செல்களைக் காக்கும் பந்தல் அது என்பது ஒரு விளக்கம். முட்டையிட வரும் பூச்சிகளுக்கு மரம் காட்டும் எச்சரிக்கை என்பது 2001இல் வெளியான இன்னொரு விளக்கம். எனக்கு முதல் விளக்கம்தான் நம் ஊருக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. அரச மரத்தின் தளிரையும் மாந்தளிரையும் பாருங்கள்: பச்சையம் முழுதாகச் சேராத அந்த இளம் இலைகளும் செம்பு நிறத்தில்தான் விரிகின்றன. வெயிலைத் தாங்கும் வலு குறைந்த இரு பருவங்களிலும் இலை அதே நிறமியை நாடுகிறது.

மீட்பு முடியும் கட்டத்தில் இலையிலிருந்து காம்புக்கு வரும் ஆக்ஸின் என்ற ஹார்மோன் குறைகிறது, எத்திலீன் என்ற இன்னொரு ஹார்மோனின் கை ஓங்குகிறது. காம்பின் அடியில் செல்களை ஒட்டவைத்திருக்கும் பசையை நொதிகள் கரைக்கின்றன. பிறகு ஒரு கடற்காற்று போதும்.

இப்படித் திரும்பும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இலையில் இருந்ததில் சராசரியாகப் பாதியளவு இருக்கும். வேம்பும் மாசி, பங்குனியில் மஞ்சளித்து உதிர்த்துவிட்டு உடனே துளிர்க்கிறது, பூக்கிறது. சித்திரை முதல் நாள் மாங்காயும் வெல்லமும் சேர்த்து நாம் செய்யும் பச்சடியின் வேப்பம்பூவில், மாசியில் உதிர்ந்த இலைகளின் சத்துக்கும் பங்கு உண்டு. எல்லா மரமும் இந்த வழியில் போவதில்லை. திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் அதே மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடக்கும்போது, தல விருட்சமான மகிழ மரம் பச்சையாகவே நிற்கும். அதன் இலைகள் தடித்துப் பளபளப்பானவை. நீரை எளிதில் இழப்பதில்லை. பழைய இலைகளை ஒரே மூச்சில் கொட்டாமல் சிறிது சிறிதாக உதிர்க்கும்.

தரையில் கிடக்கும் பாதாம் சருகிலும் சத்து மிச்சம் இருக்கிறது. குறிப்பாகக் கால்சியத்தை மரத்தால் அவ்வளவாகத் திரும்ப எடுக்க முடியாது. டேனின் என்ற துவர்ப்புப் பொருளின் மிகுதியால் சருகு ஊறிய தண்ணீர் தேநீர் நிறமாகி, சற்றே அமிலமாகும். சண்டை மீன் வளர்ப்பவர்கள் தொட்டியில் இந்த இலையைப் போடுவது அதற்காகத்தான். அழகு மீன் வணிகத்துக்குப் பேர்போன கொளத்தூர் நமக்குப் பக்கம்தான். இத்தனை இருந்தும் தெருமுனைகளில் சருகைக் குவித்துக் கொளுத்துகிறார்கள். எரித்தால் நைட்ரஜன் பெரும்பாலும் புகையோடு போய்விடும், அந்தப் புகை நம் நெஞ்சுக்குள் இறங்கும். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் சருகை அள்ளிச் சென்று, கையால் கிழித்து, கத்தரி, வெண்டைத் தொட்டிகளில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மூடாக்காகப் போடலாம். டேனின் இருப்பதால் மெதுவாகத்தான் மட்கும். சித்திரை வெயிலில் மண்ணின் ஈரத்தைக் காக்க அந்த மெதுவே உதவும்.