லூட்டிங் வாளுக்குள் உருளும் இரண்டாவது பகடை

மைன்கிராஃப்ட் என்னும் வீடியோ கேமில் வாளுக்கு ஏற்றப்படும் மந்திரங்களுள் லூட்டிங் சற்று விசித்திரமானது. ஷார்ப்னெஸ் என்ற மந்திரத்தைப் போல அது அடியின் வலிமையைக் கூட்டுவதில்லை. எதிரி வீழ்ந்த பிறகு தரையில் என்ன விழும் என்பதை மட்டுமே மாற்றுகிறது. இதை ஏற்றினால் ‘அதிர்ஷ்டம்’ கூடும் என்று ஆட்டக்காரர்கள் பொதுவாகச் சொல்வதுண்டு. ஆனால் ஆட்டத்தின் கணினி வடிவமான ஜாவா பதிப்பில் உள்ளே நடப்பது எளிய கூட்டல்தான்.

ஒரு சோம்பி இறந்தால் 0 முதல் 2 வரை அழுகிய இறைச்சித் துண்டுகள் விழும். மூன்று விளைவுகளுக்கும் வாய்ப்பு சமம். லூட்டிங்கின் உச்சமான மூன்றாம் நிலை உள்ள வாளால் கொன்றால் உச்ச அளவு 5 ஆகிறது. இதைக் கண்டு, 0 முதல் 5 வரையுள்ள ஆறு எண்களுக்கும் சம வாய்ப்பு உண்டு என்று பலர் எண்ணுகிறார்கள், அது தவறு. ஆட்டம் 0 முதல் 2 வரை தரும் பழைய பகடையை அப்படியே உருட்டிவிட்டு, அதன்பின் 0-க்கும் 3-க்கும் இடையே ஏதேனும் ஒரு பின்ன எண்ணைத் தேர்ந்து, அதை அருகிலுள்ள முழு எண்ணாக்கி, முதல் விடையுடன் கூட்டுகிறது.

முழு எண்ணாக்கும் இந்தச் சிறு செயலில்தான் சுவாரசியமே இருக்கிறது. 0.5 முதல் 1.5 வரையுள்ள எண்கள் எல்லாம் 1 ஆகின்றன. ஆனால் 0 ஆவதற்கு 0 முதல் 0.5 வரையுள்ள பாதி அகலம் மட்டுமே இருக்கிறது, 3-க்கும் அதே நிலைதான். எனவே கூடுதலாக 1 அல்லது 2 கிடைப்பதற்குத் தலா மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பும், 0 அல்லது 3 கிடைப்பதற்குத் தலா ஆறில் ஒரு பங்கு வாய்ப்பும் அமைகின்றன. இரு பகடைகளையும் சேர்த்துப் பார்த்தால், சோம்பியிடமிருந்து வெறுங்கையோடு திரும்பும் வாய்ப்பு மூன்றில் ஒன்றிலிருந்து பதினெட்டில் ஒன்றாகச் சுருங்குகிறது. ஐந்து துண்டுகளும் விழும் வாய்ப்பும் அதே பதினெட்டில் ஒன்றுதான். சராசரி 1-லிருந்து 2.5 ஆக உயர்கிறது.

கூட்டப்படும் அளவு எல்லா எதிரிகளுக்கும் பெரும்பாலும் ஒன்றே என்பதால், இயல்பாகக் குறைவாகத் தருபவர்களிடமே லூட்டிங்கின் பலன் பெரிதாகத் தெரியும். எண்டர்மேன் என்னும் எதிரி தருவது 0 அல்லது 1 எண்டர் முத்து, அதாவது சராசரியாக அரை முத்து. மூன்றாம் நிலையில் அது 2 ஆகிறது. ஆட்டத்தின் எண்ட் உலகுக்கான வாசலில், முத்திலிருந்து செய்யும் கண்ணைப் பொருத்தும் 12 சட்டகங்களும் காலியாக இருந்தால், தேவைப்படும் 12 முத்துகளுக்குச் சராசரியாக 24 எண்டர்மேன்களை வீழ்த்த வேண்டிய இடத்தில் ஆறு பேர் போதும். முதல் நிலை லூட்டிங்கே இந்தச் சராசரியை இரட்டிப்பாக்கிவிடுகிறது என்பதால், மூன்றாம் நிலை கிடைக்கும்வரை காத்திருப்பது வீண் பிடிவாதம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அரிய பொருள்களுக்கு விதி வேறு. விதர் எலும்புக்கூடு என்னும் எதிரியின் மண்டையோடு விழும் வாய்ப்பு 2.5 சதவீதம். லூட்டிங்கின் ஒவ்வொரு நிலைக்கும் இதனுடன் ஒரு சதவீதப் புள்ளி கூடுவதால், மூன்றாம் நிலையில் 5.5 சதவீதம் ஆகிறது. காகிதத்தில் அற்பமாகத் தெரியும் இந்த உயர்வால், ஒரு மண்டையோட்டுக்குச் சராசரியாக 40 எலும்புக்கூடுகள் என்ற கணக்கு ஏறத்தாழ 18 ஆகக் குறைகிறது. விதர் என்னும் பெரும் எதிரியை வரவழைக்கத் தேவையான மூன்று மண்டையோடுகளுக்கு 120 என்பது சுமார் 55 ஆகிறது. இது சராசரிதான்; முன்பு எத்தனை முறை ஏமாந்தோம் என்பதை ஆட்டம் நினைவில் வைப்பதில்லை, ஆகவே நூறாவது எலும்புக்கூட்டுக்கும் அதே 5.5 சதவீதம்தான்.

லூட்டிங் தொடாத இடங்களும் உண்டு. எதிரியைக் கொல்வதால் கிடைக்கும் அனுபவப் புள்ளிகள் இதனால் கூடுவதில்லை. அத்தனை பாடுபட்டு வரவழைத்த விதரும், எந்த வாளால் வீழ்த்தினாலும், ஒரே ஒரு நெதர் நட்சத்திரத்தைத்தான் விட்டுச் செல்கிறது.