அடுத்த வீட்டுக் குப்பைப் புகையும் அடங்காத இரைப்பும்

இரைப்போடு வருபவர்களிடம் மருந்து, புகைப்பழக்கம், வளர்ப்புப் பிராணி, படுக்கைத் தூசி என்று எல்லாவற்றையும் விசாரித்த பிறகு நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உங்கள் வீட்டைச் சுற்றி யாராவது குப்பை எரிக்கிறார்களா?" பெரும்பாலானவர்கள் முதலில் இல்லை என்றுதான் சொல்வார்கள். உடன் வந்தவர் குறுக்கிட்டு, "சாயங்காலமானால் பின்வீட்டில் கொளுத்துகிறார்களே, அதைச் சொல்லுங்கள்" என்பார். டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் என்றே நோயாளிக்குத் தோன்றியிருக்காது. அவ்வளவு பழகிப்போன புகை அது.

மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டும் ஆஸ்துமா அடங்கவில்லை என்றால், காரணங்களின் பட்டியலில் இந்தப் புகைக்கு நான் மேலான இடம் தருகிறேன். அதைக் கேட்காமல் இன்ஹேலரின் அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போவது, ஒழுகும் கூரைக்குக் கீழே மேலும் மேலும் பெரிய பாத்திரமாக வைப்பதைப் போன்றது.

பள்ளி செல்லும் ஒரு சிறுமிக்கு இரவு இருமல் தீரவே இல்லை. இன்ஹேலரை அவள் உறிஞ்சும் முறையைச் சோதித்தேன், சரியாகவே இருந்தது. பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு கருவியை ஊதி, வரும் எண்ணைக் காலையும் மாலையும் எழுதி வரச் சொன்னேன். மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே தள்ள முடிகிறது என்பதை அது காட்டும். மூச்சுக்குழாய் சுருங்கினால் எண் இறங்கும். அவளுடைய அம்மா ஒரு படி மேலே போய், அடுத்த மனையில் குப்பை எரிந்த நாட்களையும் அதே தாளில் குறித்திருந்தார். எண் சரிந்த மாலைகளில் பெரும்பாலானவை எரிப்பு நடந்த மாலைகள். அதுவரை நள்ளிரவு இருமலுக்கும் மாலைப் புகைக்கும் அவர்கள் முடிச்சுப் போட்டதே இல்லை. மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்குவதற்குச் சில மணி நேரம்கூட ஆகலாம். ஆறு மணிக்குச் சுவாசித்த புகைக்கு நடுநிசியில் இரைப்பு வருவது எங்களுக்குப் புதிதல்ல.

"கொஞ்சம் குப்பைதானே, ஊரில் எத்தனையோ ஆலைகள் புகை விடுகின்றனவே" என்று எரிப்பவர்கள் கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இங்கேதான் பலரும் தவறாக எடைபோடுகிறார்கள். குப்பையை எரிப்பதற்கென்றே கட்டப்பட்ட ஆலைகளில், எரியும் வாயு 850 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது இரண்டு விநாடி இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. பிறகு அந்த வாயுவை விரைவாகக் குளிரவைத்து, வடிகட்டிகள் வழியாகச் செலுத்திய பிறகே வெளியே விடுவார்கள். வீட்டு மூலையில் எரியும் குவியல் அந்த வெப்பத்தின் பக்கத்தில்கூட நிலையாக நிற்பதில்லை. மேலே தீ, நடுவே ஈரம், அடியில் காற்றே புகாத புகைச்சல். குளோரின் கலந்த பொருள் இப்படி அரைகுறையாகப் பொசுங்கி, அந்தப் புகை 200 முதல் 450 டிகிரி வரையான வெப்பத்தில் இருக்கும்போது டையாக்சின் எனும் நச்சுக் குடும்பம் உருவாகிறது. பிவிசி பிளாஸ்டிக்கின் எடையில் பாதிக்கு மேல் குளோரின்தான். குப்பையோடு கிடக்கும் மின்கம்பித் துண்டின் செம்பு அந்த வேதிவினையைத் தூண்டிவிடும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள், வீட்டுக் குப்பையைப் பீப்பாயில் போட்டு எரித்து வரும் புகையை அளந்தார்கள். நாளொன்றுக்கு 200 டன் குப்பையை எரிக்கும், நல்ல வடிகட்டிகள் கொண்ட ஆலை வெளியிடும் டையாக்சினுக்கு ஈடான அளவை, தினமும் பீப்பாயில் எரிக்கும் 2 முதல் 40 வீடுகளே வெளியிட்டுவிடலாம் என்பது 2000ஆம் ஆண்டில் வெளியான அவர்களின் முடிவு. சின்னத் தீ என்பதால் தீங்கும் சின்னது என்று யாரும் ஆறுதல் கொள்ள முடியாது. ஆலையின் புகைபோக்கி வானுயரத்தில் இருக்கிறது. இந்தப் புகையோ உங்கள் ஜன்னல் உயரத்தில், குழந்தையின் மூக்குக்கு நேராக வருகிறது.

டையாக்சினில் மிகக் கொடிய வகையைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் மனிதருக்கு உறுதியாகப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பிரிவில் சேர்த்தது. உடலின் கொழுப்பில் தங்கும் இந்த நச்சில் பாதி வெளியேறவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் உடலுக்குள் அது பெரும்பாலும் மூச்சு வழியாக வருவதில்லை, உணவு வழியாக வருகிறது. சாம்பலாகவும் கரித்துகளாகவும் புல்லிலும் மண்ணிலும் படிந்து, மேயும் மாட்டின் பாலுக்கும் மண்ணைக் கொத்தும் கோழியின் முட்டைக்கும் போய்ச் சேர்கிறது. இதைப் படித்துவிட்டுத் தாய்ப்பால் கொடுக்கலாமா என்று அஞ்ச வேண்டாம். தாய்ப்பாலின் நன்மை மிகப் பெரியது, தாராளமாகக் கொடுங்கள். நிறுத்த வேண்டியது தீயைத்தான்.

உடனடியாக என் நோயாளிகளை வீழ்த்துவது நுண்துகள். 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவான அளவும் கொண்ட துகள், தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். மூக்கு முடியும் சளியும் அதைப் பிடித்து வைக்க முடியாது. நுரையீரலின் கடைசி காற்றறை வரை போகும், அவற்றிலும் மிக நுண்ணியவை இரத்தத்தில் கலக்கும். ஒரு கன மீட்டர் காற்றில் இத்தகைய துகள்கள் 24 மணி நேரச் சராசரியாக 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வரையறுத்தது. ஆஸ்துமாவும் நாள்பட்ட மூச்சடைப்பு நோயும் உள்ளவர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய செய்தி அல்ல இது. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தையும் இந்தத் துகள் கூட்டுகிறது. குழந்தைகள் தங்கள் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள். கர்ப்பிணிகளைப் பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டியதில்லை.

எரிக்கும் நேரமும் பெரும்பாலும் மிக மோசமான நேரமாகவே அமைந்துவிடுகிறது. யாரும் பார்க்காத அதிகாலையையோ இருட்டும் பொழுதையோ தேர்ந்தெடுக்கிறார்கள். காற்று அசையாமல், தரையருகே குளிர்ந்து தேங்கி நிற்கும் வேளை அது. மேலே சூடான காற்று மூடியாக நிற்பதால் புகை எழும்பாமல் தெருவிலேயே படர்ந்து, திறந்திருக்கும் படுக்கையறை ஜன்னலுக்குள் நுழைகிறது.

பிளாஸ்டிக் இல்லாத வெறும் சருகுதான் என்பவர்களும் உண்டு. பிளாஸ்டிக்கைப் பிரித்தெடுக்கும் அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் ஈரச் சருகு புகைவதிலும் நுண்துகளும் கார்பன் மோனாக்சைடு எனும் நச்சு வாயுவும் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனும் உண்டு. வெள்ளைப் புகை தீங்கற்றது என்பதும் தவறான நம்பிக்கை. பல நேரம் அது எரியாமல் பொசுங்குவதன் அடையாளம். அரளி போன்ற நச்சுச் செடியின் கிளைகள் அதில் கிடந்தால் அந்தப் புகையே நஞ்சு. சருகை ஒரு மூலையில் குவித்து மக்கவிடுங்கள், மண்ணுக்கு உரமாகும்.

எரித்து முடித்த சாம்பலைச் செடிக்குப் போடுவதைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. பழைய பெயின்ட் பூசிய மரம், பேட்டரி, அச்சிட்ட உறைகள் எல்லாம் எரிந்த சாம்பலில் ஈயமும் காட்மியமும் இருக்கக்கூடும். உலோகம் எரிந்து மறைந்துவிடுவதில்லை, சாம்பலில் செறிந்து நிற்கிறது. மேலே ஆறியதுபோல் தோன்றும் சாம்பலுக்குள் கங்கு பல மணி நேரம் கிடக்கும். வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தைக்கு அது தெரியாது. ஸ்பிரே டப்பாவும் லித்தியம் பேட்டரியும் தீயில் வெடிக்கும்.

குப்பையைக் காலி மனையில் கொட்டுவதும் எரிப்பதும் இரண்டு தனித் தவறுகள் போலப் பேசப்படுகின்றன. கொட்டுவதுதான் எரிப்பின் முதல் பாதி. ஒருவர் ஒரு பையை வீசுகிறார், அதைப் பார்த்து மற்றவர்களும் வீசுகிறார்கள், மேடு உயர்கிறது, நாற்றம் தாங்காமல் யாரோ கொளுத்துகிறார், மேடு தாழ்ந்ததும் மீண்டும் கொட்ட இடம் கிடைக்கிறது. இடையில் எலி வரும், எலிக்காய்ச்சல் வரும். மூடியளவு தண்ணீர் தேங்கினாலே டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். அதன் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே முதல் பை விழுந்த நாளிலேயே பேசிவிடுவது நல்லது.

எப்படிப் பேசுவது? தீ எரிந்துகொண்டிருக்கும்போது போகாதீர்கள். அப்போது உங்களுக்கும் கோபம், அவருக்கும் எல்லோர் முன்னாலும் அவமானம். வேறொரு நாள், வெறுங்கையோடு, சட்டத்தைப் பற்றிப் பேசாமல் போங்கள். "என் பிள்ளைக்கு இரைப்பு இருக்கிறது, மாலைப் புகையில் அதிகமாகிறது" என்று உங்கள் வீட்டு நிலையைச் சொல்லுங்கள். தீக்கு மிக அருகில் நிற்பவர் அவர்தான் என்பதையும், அவர் வீட்டு முதியவரும் குழந்தையும் அதே புகையைத்தான் சுவாசிக்கிறார்கள் என்பதையும் மென்மையாக நினைவூட்டலாம்.

அவர் ஏன் எரிக்கிறார் என்று கேட்பதற்கும் பொறுமை வேண்டும். குப்பை வண்டி வரும் நேரத்தில் அவர் வேலைக்குப் போயிருக்கலாம். மாதவிடாய் அணையாடையையும் முதியவருக்குப் பயன்படுத்திய டயப்பரையும் பிறர் பார்க்கக் கொடுக்கக் கூச்சப்படலாம். வங்கித் தாள்கள் வேறு கையில் சிக்கிவிடும் என்ற பயம் இருக்கலாம். பெரியவர்கள் பலருக்குக் குப்பை எரிப்பது ஒழுங்கின் அடையாளமாகவே கற்றுத்தரப்பட்டது. அவர்கள் சிறுவயதில் பெருக்கிக் கூட்டியது இலையும் காகிதமும். 1950இல் உலகம் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் டன் பிளாஸ்டிக் தயாரித்தது. 2015இல் அது ஏறத்தாழ 38 கோடி டன். பழக்கம் மாறவில்லை, குவியலில் கிடக்கும் பொருள் மாறிவிட்டது. இதைச் சொன்னபோது முகம் மாறிய முதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குற்றவாளிகளாக நடத்தினால் அந்த மாற்றம் வராது. வண்டி வரும்போது அவர்களுடைய பையையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன் என்று ஒரு வீட்டார் முன்வந்தாலே பல தீ அணைந்துவிடும்.

அதற்கும் மசியாதவர்கள் இருக்கிறார்கள். அப்போது தயங்காமல் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பது பல நாடுகளில் தண்டனைக்குரியது. எளிதில் அழியாத நச்சுப் பொருட்களைக் கட்டுப்படுத்த நாடுகள் 2001இல் கையெழுத்திட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையும் இதை டையாக்சின் உருவாகும் வழிகளுள் ஒன்றாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தேதி, தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, என்ன எரிந்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது, வீட்டில் யாருக்கு என்ன ஆனது என்று குறித்து வையுங்கள். உங்கள் எல்லைக்குள் நின்று புகையைப் படம் எடுங்கள், அவர் வீட்டுக்குள் கேமராவைத் திருப்ப வேண்டாம். பாதிக்கப்பட்ட மற்ற வீட்டாரும் சேர்ந்து கையெழுத்திட்டால் அது தனிப்பட்ட பகையாகத் தோன்றாது.

மருத்துவச் சான்று கேட்டு வருகிறார்கள். உங்களுக்கு ஆஸ்துமா இருக்கிறது, புகை அதை மோசமாக்கும், உங்கள் எண்கள் இந்தத் தேதிகளில் இறங்கியிருக்கின்றன என்று நான் எழுதித் தர முடியும். யார் எரித்தார் என்று எழுத முடியாது, நான் அதைப் பார்க்கவில்லை. அதனால்தான் பீக் ஃப்ளோ எண்களைத் தேதியோடு எழுதிவைப்பதை வலியுறுத்துகிறேன். சிகிச்சைக்கும் அது உதவும், புகாருக்கும் அது உதவும்.

புகை வந்துகொண்டிருக்கும் நேரத்தில் அந்தப் பக்கத்து ஜன்னல்களை மூடி, எதிர்ப்பக்க அறைக்குப் போய்விடுங்கள். வெளியே ஓடுவதும் விளையாடுவதும் வேண்டாம். கைக்குட்டையும் துணி முகக்கவசமும் நுண்துகளைத் தடுக்காது. என்95 முகக்கவசம் முகத்தோடு ஒட்டிப் பொருந்தினால் துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. புகை போனதும் ஜன்னல்களைத் திறந்து காற்றை மாற்றுங்கள். நிவாரண இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மூடிய கொட்டகைக்குள்ளோ குறுகிய இடத்திலோ எரித்தவருக்குத் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் கார்பன் மோனாக்சைடை நினைத்துப் பாருங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி அப்போது 98 என்று காட்டினாலும் நம்ப வேண்டாம். கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் ஆக்சிஜன் ஏற்றிய இரத்தத்தையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாது. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, இன்ஹேலர் எடுத்தும் அடங்கவில்லை, குழந்தையின் விலா இடுக்குகள் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுக்கின்றன என்றால், தீ அணையட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.