கியூ என்றால் வரிசை அல்ல

"வரிசைப் புள்ளிகளை நினைவு அட்டையில் சேமிக்கவும்." டி.ஜே. கருவிகளில் வரும் 'கியூ பாயிண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு யாரோ வைத்த தமிழ்தான் இந்த 'வரிசைப் புள்ளி'. இதை மூன்றாவது தடவை பார்த்தபோது பொறுமை போய்விட்டது. முதலில் ஒரு காணொளியில் கேட்டேன், அப்புறம் ஒரு சொற்பட்டியலில் கண்டேன். போன வாரம் சவுண்ட் சர்வீஸ் நடத்தும் நண்பர், கைமாறி வந்த பழைய சிடிஜே-1000 என்ற டி.ஜே. சிடி பிளேயர் ஒன்றையும், யாரோ தமிழில் எழுதிக்கொடுத்த இரண்டு பக்கச் செய்முறைத் தாளையும் கொண்டுவந்து வைத்தார். அதிலும் அதே வரிசை. "எதை வரிசையில நிறுத்தணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அந்தக் கருவி பயனியர் நிறுவனம் 2001இல் வெளியிட்டது. இசைத்தட்டைக் கையால் சுழற்றி டி.ஜே.க்கள் செய்துவந்ததைச் சிடியில் செய்ய வழிசெய்தது. பாட்டை ஓர் இடத்தில் நிறுத்திக் கியூ பொத்தானை அழுத்தினால், அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பாட்டு ஓடும்போது அதே பொத்தானை அழுத்தினால், பிடித்துவைத்த இடத்துக்குத் திரும்பி வந்து நிற்கும். அந்த இடம்தான் கியூ பாயிண்ட். சிடியில் ஒரு நொடிக்கு 75 கூறுகள். ஒவ்வொரு கூறாக நகர்த்தி, தாளம் விழும் இடத்தைத் தேடிப் பிடிக்கலாம்.

அவ்வளவு பாடுபட்டுப் பிடித்த இடத்தைச் சிடியிலேயே எழுதிவைக்க முடியாது. பழைய இசைத்தட்டு என்றால் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி அடையாளம் வைப்பார்கள். இங்கே அந்த வேலையைச் செய்தது எம்.எம்.சி. என்ற மெமரி கார்டு. 24க்கு 32 மில்லிமீட்டர், தடிமன் 1.4 மில்லிமீட்டர், ஒரு தபால்தலை அளவுதான். பாட்டு அதற்குள் போவதில்லை. எந்தச் சிடி, அதில் எந்த இடம் என்ற கணக்கும், பாட்டின் அலைவடிவப் படமும்தான் போகும். அட்டையையும் சிடியையும் எடுத்துக்கொண்டு வேறு ஊரில் இதே மாதிரிக் கருவியில் போட்டால், குறித்த இடங்கள் அப்படியே வந்து நிற்கும்.

சரி, சொல்லுக்கு வருவோம். ஆங்கில நாடக மேடைச் சொல் இந்தக் கியூ (cue). ஒருவர் பேசி முடிக்கும் கடைசி வார்த்தை, அடுத்தவர் வாயைத் திறக்க வேண்டிய அடையாளம். 'எப்போது' என்று பொருள்படும் லத்தீன் 'குவாண்டோ'வின் முதலெழுத்தான 'கியூ'வை (Q) நடிகர்களின் ஏட்டில் குறித்துவைத்ததிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து. வால் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. ரேஷன் கடையில் நாம் நிற்கும் கியூ (queue) அந்த வாலிலிருந்து வந்தது என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

வரிசைக்காரர்கள் இங்கேதான் பிடித்துக்கொள்வார்கள்: "இரண்டுக்கும் வேர் ஒன்றாகவே இருக்கலாமே!" இருக்கட்டும். பில்லியர்ட்ஸ் ஆடும் கோலுக்கும் அந்த வால்தான் மூலம். அதையும் வரிசை என்பீர்களா? உண்மை என்னவென்றால், இவர்கள் வேரைப் பார்க்கவே இல்லை. காதில் 'கியூ' என்று விழுந்தது, கை 'வரிசை' என்று எழுதிவிட்டது. இதே கருவிகளின் உலகத்தில், அடுத்தடுத்து ஒலிக்க வேண்டிய பாட்டுகளுக்கு உண்மையிலேயே ஒரு வரிசை உண்டு. அதையும் வரிசை, இதையும் வரிசை என்றால் படிப்பவன் எந்தப் பொத்தானைத் தேடுவான்? தாளில் இன்னொரு வரி: "சூடான வரிசை ஏ, பி, சி." ஹாட் கியூ! அழுத்திய கணமே அந்த இடத்திலிருந்து பாட்டைக் கிளப்பும் மூன்று பொத்தான்கள். சித்திரை வெயிலில் மண்ணெண்ணெய்க்கு நின்றதுதான் எனக்கு நினைவு வந்தது.

'குறிப்புப் புள்ளி' என்பவர்கள் பரவாயில்லை, பொருளைத் தொட்டுவிட்டார்கள். ஆனால் குறிப்பு என்றதும் நோட்டுப் புத்தகம், சமையல் குறிப்பு எல்லாம் கூடவே வருகின்றன. அப்புறம் இந்தப் புள்ளி. பாயிண்ட் என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு புள்ளி வைப்பது நம் மொழிபெயர்ப்பாளர்களின் தீராத வியாதி. கோலத்துக்குத்தான் புள்ளி. பாட்டுக்கு இடம்.

நம் கச்சேரிக்காரர்களிடம் இதற்கு எப்போதோ சொல் இருக்கிறது: எடுப்பு. தாளத்தில் பாட்டு எங்கே தொடங்குகிறதோ அது எடுப்பு. தாளத்தோடு சேர்ந்து தொடங்கினால் சமம், முந்தினால் அதீதம், பிந்தினால் அனாகதம். 'அரை இடம் தள்ளி எடுப்பு' என்று பாட்டு வாத்தியார் சொல்லும்போது தொடையில் தட்டிக் காட்டுவார். தட்டிய கை மேலே எழும் அந்த இடைவெளியில் பாட்டு கிளம்பும். டி.ஜே. காதில் ஹெட்போனை வைத்துக்கொண்டு, தட்டை முன்னும் பின்னும் அரைத்துத் தேடுவதும் பாட்டைக் கிளப்ப வேண்டிய இடத்தைத்தான். மேடைப் பொருளுக்கும் நம்மிடம் சொல் உண்டு: அடியெடுத்துக் கொடுப்பது. தில்லையில் சேக்கிழாருக்கு 'உலகெலாம்' என்று இறைவன் எடுத்துக்கொடுத்ததாகச் சொல்கிறோமே, அந்த எடுப்பும் இதே எடுப்புதான்.

எடுப்புச் சாப்பாடு ஞாபகம் வருகிறது என்றார் நண்பர். வரட்டும், 'எடுப்பான மூக்கு' கூடத்தான் வரும். எடுப்பு தாளத்தை வைத்து அளப்பது, கியூ சிடியின் நேரத்தை வைத்து அளப்பது என்று ஒரு மறுப்பும் உண்டு. அதை ஏற்கிறேன். அதனால் 'எடுப்பிடம்' என்று எழுதுகிறேன். வேறுபாடும் தெரியும், உறவும் தெரியும். ஹாட் கியூவுக்கு 'உடனெடுப்பு'. மெமரி கார்டை நான் தொடப்போவதில்லை. நினைவக அட்டை என்று எழுதினாலும் சரி, பஜாரில் கேட்டால் மெமரி கார்டு என்றால்தான் தருவான்.

ஆக, அந்த வாக்கியம்: "எடுப்பிடங்களை மெமரி கார்டில் பதிந்துவைக்கவும்." நண்பர் படித்துவிட்டுத் தலையாட்டினார். கடைப் பையன் தாளின் கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு நின்றான். பதிந்த இடங்களை ஒவ்வொன்றாக வரவழைக்கும் 'கால்' (call) பொத்தானுக்கு எதிரே 'அழைப்பு' என்று எழுதியிருந்தது.

"சார், இதுல போன் வேற பேசலாமா?"